விடுதியின் பின்படி

"இந்தக் கட்டடத்துல எது ரொம்ப முக்கியம்னு கேட்டீங்கன்னா, நான் இதைத்தான் சொல்லுவேன்" என்று அளவுக்காரம்மா பின்படியின் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

விடுதியை நடத்தும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஆர்கிடெக்ட் அந்தப் பெண். வந்த நாளிலிருந்து கையில் நாடாவும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாகச் சுவரையும் சன்னலையும் அளந்துகொண்டே இருந்ததால் பெரியவளின் அம்மா அவளுக்கு வைத்த பெயர் அளவுக்காரம்மா. "என்னையும் அளந்துக்கோம்மா, நானும் பழசுதான்" என்று அம்மா சொன்னதற்கு அவள் நிஜமாகவே நாடாவை நீட்டிவிட்டாள். இருவரும் அன்று சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவை அத்தனை சுலபமாகச் சிரிக்க வைக்கத் தன்னால் முடிந்ததில்லை என்று பெரியவள் அப்போது நினைத்தாள்.

தெருவில் இருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, அந்த இடங்களில் கண்ணாடி முகம் வைத்த கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. விடுதியைப் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் அதைத் தொட முடியாது. அதற்குப் பழுதுபார்க்க வேண்டும், எது எந்தக் காலத்தது, எது எவ்வளவு மதிப்புள்ளது என்று எழுதிப் பாரம்பரியக் குழுவிடம் காட்ட வேண்டும். அதற்காகத்தான் பெரியவள் தேடிப் பிடித்து இவளை அழைத்து வந்திருந்தாள்.

"முன்கூடத்துப் படி இருக்கே, தேக்கு. அதைப் பத்திச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள் பெரியவள்.

"அது அழகுதான். ஆனா அந்த மாதிரிப் படி துரைமார் கட்டின எல்லா விடுதியிலயும் இருக்கும். பின்படியை யாரும் விட்டு வைக்கிறதில்ல. முதல்ல அதைத்தான் இடிப்பாங்க. இது முழுசா இருக்கு, பாருங்க."

"பெருமைக்காக வெச்சிருக்கல. இடிக்க நேரம் வரல, அவ்வளவுதான்."

அளவுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பெரியவள் சிரிக்கவில்லை.

பின்படி என்பது இரண்டு செங்கல் சுவர்களுக்கு நடுவே செருகி வைத்தது போன்ற ஒரு சந்து. சமையலறையின் மூலையில் தொடங்கி, பாதியில் ஒரு திருப்பம் திரும்பி, மேல்மாடியில் துணி அறையில் போய் முடியும். சன்னல் இல்லை. ஒருவர் ஏறும்போது மற்றவர் இறங்க வேண்டுமென்றால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். கப்பலுக்காகக் காத்திருக்கும் துரைமாரும் துரைசானிமாரும் தங்குவதற்குக் கட்டிய விடுதி அது. அவர்களுக்கு வெந்நீர் தானாக வர வேண்டும், படுக்கை விரிப்பு தானாக மாற வேண்டும், வேலை செய்கிற கை மட்டும் கண்ணில் படக்கூடாது. அதற்காகத்தான் அந்தச் சந்து.

அப்பா அங்கே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணம் ஆனதும் அம்மாவும் வந்து துணி அறையில் சேர்ந்துகொண்டாள். விரிப்பு, துவாலை, தலையணை உறை எல்லாம் அவள் பொறுப்பு. முன்படிக்கு மெழுகு போட்டுத் துடைப்பதும் அவள் வேலைதான். விருந்தினர் எழுமுன் மேலிருந்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டபடி பின்னோக்கி இறங்கி வருவாள். அந்தப் படியில் அவள் கால் வைத்ததே இல்லை. முழங்கால்தான் வைத்திருக்கிறாள்.

துரைமார் போனார்கள். துறைமுகம் வேறிடம் போனது. விடுதியை வாங்கிய வியாபாரிக்கு அதை நடத்தும் வகை தெரியவில்லை. எல்லாவற்றையும் அப்பாவின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டவர், பிள்ளை இல்லாததால் சாகுமுன் விடுதியை அப்பா பெயருக்கே எழுதியும் வைத்தார். அன்று அப்பா முன்படியில் ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். சின்னப் பையன் போலச் சிரித்துக்கொண்டே, "ஏய், நீயும் வாயேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாசலில் நின்று பார்த்தாள். "கையில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியவள் அப்போது சிறுமி. அப்பாவின் முகம் சட்டென்று சுண்டியதை அவள் பார்த்தாள். அது அவளுக்கு மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் அம்மா பின்படியில்தான் ஏறினாள், இறங்கினாள். பெரியவளின் கல்யாணத்தன்று மேல்மாடி அறையில் அலங்காரம் முடிந்து எல்லாரும் அவளை முன்படி வழியாக அழைத்து வந்தபோது, அவள் வலப்பக்கம் திரும்பினாள். சித்தி இருந்தாள். இடப்பக்கம் அத்தை. அம்மா இல்லை. கீழே வந்து பார்த்தால், மூச்சு வாங்க, சமையலறைப் பக்கமிருந்து ஓடி வந்து கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள், யாரோ வேலைக்கு வந்தவள் போல. அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. பெரியவள் திரும்பி வந்துவிட்டாள். அப்பா போனார். விடுதி அவள் பொறுப்பில் வந்தது. கல்யாணம் முறிந்ததற்கும் அம்மா கூட இறங்கி வராததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சில மத்தியானங்களில், வேலை ஓய்ந்து தனியே உட்கார்ந்திருக்கும்போது, அந்த வெற்றிடம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

அதனால் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பழுதுபார்த்து முடித்து விடுதியைத் திறக்கும் நாளில், குழுவினரும் ஊராரும் கூடத்தில் நிற்க, அம்மா முன்படியில் நிமிர்ந்து இறங்கி வர வேண்டும், இந்த வீட்டுக்கு உரியவளாக. இதை அம்மாவுக்குச் செய்யும் மரியாதை என்றே அவள் நினைத்தாள். அதில் தனக்கென்று எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மேல்மாடி அறை ஒவ்வொன்றுக்கும் குளியலறை வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இறங்க ஓர் இடம் தேவை. வெளிச்சுவரின் பின்புறம் புதிதாக ஒரு கூண்டு கட்டி இறக்கலாம் என்றாள் அளவுக்காரம்மா. பெரியவள் வேறு யோசனை சொன்னாள்.

"பின்படி இருக்கே. அந்தச் சந்துக்குள்ள எல்லாக் குழாயும் இறங்கிடும்."

"ஐயோ, அதை உடைச்சாத்தான் இறங்கும்."

"உடைங்க."

"இல்லைங்க, நான் சொல்றதைக் கேளுங்க. குழு இதுக்காகவே முதல் தரம் கொடுக்கும். இதை எடுத்துட்டா தரம் குறையும்."

"குறையட்டும். பட்டியல்ல இருந்தாப் போதும். எங்கம்மா முதுகு வளைஞ்சு ஏறின இடத்தைக் கண்ணாடி போட்டு வெச்சு, வர்றவங்க எல்லாம் அடடா அடடான்னு படம் பிடிக்கணுமா? யாரோட அவமானத்துக்கு யாரு மதிப்புப் போடுறது?"

அளவுக்காரம்மா நாடாவைச் சுருட்டினாள். பிறகு, "உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள்.

பெரியவள் கேட்டாள். துணி அறையின் சன்னலோரம் அம்மா துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வயதான பிறகும் அவள் அந்த அறையில்தான் படுத்தாள். நல்ல அறை ஒன்றுக்கு மாறச் சொன்னால், "இங்கதான் எனக்கு எல்லாம் கைக்கெட்டுது" என்பாள்.

"அம்மா, பின்படியை எடுத்துடலாம்னு இருக்கோம். குழாய் இறக்கணும். இனிமே நீ முன்பக்கமா இறங்கலாம், ராணி மாதிரி."

அம்மா ஒரு துவாலையை உதறினாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். "ஆகட்டும்" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன. உனக்கு எது வசதியோ அப்படியே செய்."

விருந்தினர் காலை நான்கு மணிக்குக் காபி கேட்டாலும், சுத்தமாக இருக்கும் விரிப்பை மாற்றச் சொன்னாலும் அம்மா அப்படித்தான் சொல்வாள். வீட்டு மனிதர்களோடு அவள் பேசும் விதமே வேறு. உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடிப்பாள், வேண்டாமென்றால் வேண்டாம்தான். அந்த வித்தியாசம் பெரியவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கிடைக்க வேண்டிய பதில் கிடைத்துவிட்ட நிம்மதியில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றே அம்மாவின் பெட்டியையும் தலையணையையும் முன்பக்கத்து மேல்மாடி அறைக்கு மாற்றினாள். துரைசானிமார் தங்கிய அறை. தெருவைப் பார்த்த சன்னல், உயரமான கட்டில்.

உடைக்கும் வேலை கீழேயிருந்து தொடங்கியது. தூசு பறந்ததால் அம்மா மேலேயே இருந்தாள். சாப்பாடு அங்கே போனது.

பாதிப் படிகள் போன பிறகு மேஸ்திரி வந்து பெரியவளைக் கூப்பிட்டார். "அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. திருப்பத்துல சுவர் ஒரு இடத்துல குழிஞ்சிருக்கு. ஈரம் இறங்கியிருக்கான்னு பார்த்தேன், இல்ல. எதையோ வெச்சு இடிச்சுக்கிட்டே இருந்த மாதிரி இருக்கு."

ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் தோள் உயரத்தில் இரண்டு பக்கச் சுவரும் வழவழவென்று பளபளத்தன. ஆட்கள் உரசி உரசி வந்த மினுமினுப்பு. திருப்பத்துக்குச் சற்று மேலே உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம்.

கீழே சமையல்காரர் நின்றுகொண்டிருந்தார். நாளெல்லாம் வாய் திறக்காத மனிதர் என்பதால் அவருக்கு விடுதியில் 'சத்தம்' என்று பெயர். அப்பா காலத்திலிருந்து இருப்பவர்.

"அது தட்டுற இடம்" என்றார் சத்தம்.

"என்ன தட்டுற இடம்?"

"மேலேருந்து இறங்குறவங்க திருப்பத்துக்கு முன்னால சுவத்துல தட்டணும். ஏறுறவங்க கீழயே நின்னு வழி விடுவாங்க. இல்லன்னா மோதிக்கிட்டு கையில இருக்குறது எல்லாம் கொட்டிடும்ல." நிறுத்தினார். இன்னும் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "எல்லாரும் ஒரு தடவை தட்டுவோம். உங்கம்மா உங்கப்பாவுக்கு மட்டும் ரெண்டு தடவை தட்டுவாங்க. அது கேட்டா நாங்க யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம். சூப்பு ஆறினாலும் பரவாயில்லன்னு நிப்போம்."

"எதுக்கு?"

"பேசிக்குவாங்க" என்றார் சத்தம். "நாள் பூரா அவரு கூடத்துல, அவங்க மேல. வேற எங்க பேசுறது?"

அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல் பாதி அப்படியே இருக்கும்மா. நிறுத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. வேற வழி பார்க்கலாம்."

பெரியவள் ஏணியிலேயே நின்றாள். மனம் இளகியிருக்க வேண்டும். ஒரு கணம் இளகவும் செய்தது. அப்பா கையில் தட்டோடு கீழே நிற்பதும், அம்மா மேலே அழுக்குத் துணி மூட்டையோடு நிற்பதும் கண்ணில் வந்தது. ஆனால் அதன் பின்னாலேயே ஒரு கோபமும் வந்தது. கட்டிய கணவனோடு இரண்டு வார்த்தை பேச ஓர் இருட்டுப் பொந்து வேண்டியிருந்திருக்கிறது. அதிலும் மற்றவர்கள் ஒதுங்கி நின்று இரக்கப்பட்டு வழிவிட வேண்டியிருந்திருக்கிறது. இதையா காப்பாற்றுவது? பாதிப் படி போன பிறகு மீதிப் படி எங்கே கொண்டு விடும்? குழாய்கள் முற்றத்தில் வந்து இறங்கிவிட்டன. அம்மாவுக்கு இதைவிடப் பெரியதாக ஒன்றைக் கொடுக்கப் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"உடைங்க" என்றாள்.

வேலை முடிந்த பிறகும் அம்மா கீழே வரவில்லை. கேட்டால், முட்டி வலி என்றாள். இன்னொரு நாள், பசிக்கவில்லை, எதற்கு இறங்கி ஏறுவது என்றாள். டாக்டர் வந்து முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு இது இரும்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பயமா இருக்காம்மா? நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் பெரியவள்.

"அது ரொம்ப அகலம். அங்க ரெண்டு பக்கமும் சுவரு இருந்துச்சு, கையை ஊனிக்கிட்டே வந்துடுவேன்."

"இதுல கைப்பிடி இருக்கே?"

"இருக்கு, இருக்கு. நாந்தானே துடைச்சேன்" என்று அம்மா சிரித்தாள்.

பெரியவளுக்குப் பொறுமை போயிற்று. "இன்னும் எத்தனை காலத்துக்கு வேலைக்காரியாவே இருப்ப? துரைமாரெல்லாம் செத்து மண்ணோடு மண்ணாப் போயாச்சு. யாரைப் பார்த்து ஒளியுற? இது உன் வீடு!"

கட்டிலின் உயரம் அம்மாவுக்குப் பழகவில்லை. காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் தரையைத் தொடவில்லை. யாருடைய வீட்டிலோ காத்திருக்கச் சொல்லி உட்கார வைத்த குழந்தை போல இருந்தாள். சற்று நேரம் கழித்து, "திறக்குற அன்னிக்கு வர்றேன்" என்றாள்.

திறப்பு நாளன்று கூடம் நிறைந்திருந்தது. குழுவினர், தெருக்காரர்கள், வெளியூரிலிருந்து தம்பியும் அவன் மனைவியும். அளவுக்காரம்மாவும் வந்திருந்தாள். உடைப்பதற்கு முன் அவள் பின்படியை அளந்து வரைந்து வைத்திருந்த படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. விடுதிக்கு இரண்டாம் தரம் கிடைத்திருந்தது.

பெரியவள் அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டி, தலை வாரி, படியின் உச்சிக்கு அழைத்து வந்தாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மெல்ல அந்தக் கையை விடுவித்தாள்.

"நீ கீழ போய் நில்லு. இறங்கி வர்றவங்களைக் கீழ நின்னுதானே வரவேற்கணும்?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து, பெரியவள் சிரித்தபடி இறங்கிப் போய் அடியில் நின்றாள். அம்மா கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் நிதானமாக, நிமிர்ந்து இறங்கி வந்தாள். தடுமாறவில்லை. குனிந்து படியைப் பார்க்கவும் இல்லை. யாரோ கைதட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். எத்தனை காலம் பெரியவள் மனதுக்குள் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாளோ அதே போல நடந்தது.

கடைசிப் படி இறங்கியதும் அம்மா சுற்றிலும் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா. ரொம்பச் சுத்தமா வெச்சிருக்க" என்றாள். பிறகு அளவுக்காரம்மாவின் படத்தின் முன்னால் போய் வெகுநேரம் நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று அளவுக்காரம்மா தயங்கிக் கேட்டாள்.

"அழகா வரைஞ்சிருக்க. ஆனா அங்க இவ்வளவு வெளிச்சம் இருக்காது."

அன்றிலிருந்து அம்மா தினமும் முன்படியில் இறங்கி வந்தாள். குளித்து, தலை வாரி, சாப்பாட்டுக் கூடத்தில் சன்னலோர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பரிமாறும் பெண்ணிடம், "உனக்கு சிரமம், பரவாயில்லம்மா, மெதுவா கொண்டா" என்றாள். சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் வராந்தாவில் காற்று வாங்கினாள். அறைக்குத் திரும்புமுன் வரவேற்பு மேசையில் சாவியை வாங்கிக்கொண்டாள். பெரியவள் பூரித்துப் போனாள். கடைசியில் அம்மா ஓய்ந்து உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தொலைபேசியில் தம்பியிடம் சொன்னாள்.

முதலில் உறுத்தியது படுக்கைதான். யார் கட்டிலாக இருந்தாலும் கலைந்து கிடந்தால் கை சும்மா இருக்காத அம்மா, தன் கட்டிலைக் கலைந்தபடியே விட்டுவிட்டு வந்தாள், அறையைச் சுத்தம் செய்யும் பெண் வந்து விரிக்கட்டும் என்று. பிறகு, அவள் சமையலறைக்குப் போவதே இல்லை என்பது தெரிந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "சத்தம் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

"உள்ளதான் இருக்காரு. போய்ப் பாரேன்."

"வேணாம். வேலை நடக்குற இடம்" என்றாள் அம்மா.

பெரியவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இந்தப் பேச்சை அவள் இதற்கு முன் பலமுறை கேட்டிருக்கிறாள். பண்பான விருந்தினர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

பிறகு ஒரு காலையில் அம்மாவே தம்பிக்குப் பேசி அவனை வரச் சொல்லியிருந்தாள். பெரியவள் அறைக்கு வந்தபோது பெட்டி மூடியிருந்தது.

"தம்பி வீட்டுல தூங்கவே இடம் இல்லன்னு நீதானே சொல்லுவ? அவன் பொண்டாட்டி சமையலை நக்கல் பண்ணுவியே?"

"ஆமா, அவளுக்கு ரசம் வைக்கத் தெரியல. போய்ச் சொல்லிக் கொடுக்கணும்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பின் ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது.

"நான் என்னம்மா குறை வெச்சேன்?"

"குறையா? ஒண்ணுமில்ல. என்னை எப்படிக் கவனிச்சுக்கிட்ட! ஆனா விருந்தாளி எத்தனை நாள் இருப்பாங்க சொல்லு."

"நீ விருந்தாளியா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். பெரியவள் உட்காரவில்லை.

"அந்தப் பக்கமா இறங்கி வர்றவங்க எல்லாம் நாலு நாள் இருந்துட்டுப் போறவங்க. நான் பார்த்தவரைக்கும் அப்படித்தான். அதுல இறங்கினதும் எனக்கு கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. யாரு கூடப் பேசுறது, எங்க போய் நிக்கிறது, ஒண்ணும் புரியல. நான் இருந்தது பின்னால. நீ அதை சின்ன இடம்னு நினைச்ச. தம்பி வயித்துல இருக்கான்னு உங்கப்பாகிட்ட அங்கதான் சொன்னேன். கையில சூப்பை வெச்சுக்கிட்டுச் சிரிக்குறாரு மனுஷன், பாதி என் புடவையில." சிரித்தாள். "எங்கம்மா போயிட்டாங்கன்னு சேதி வந்தப்போ அவரு அங்கதான் சொன்னாரு. நான் அழுது முடிக்கிறவரைக்கும் கீழேருந்து ஒருத்தரும் வரல. அவரு போனதுக்கு அப்புறமும் இறங்கும்போதெல்லாம் அங்க கொஞ்சம் நிப்பேன். எனக்கு மூச்சு வாங்குதுன்னு நீ நினைச்சிருப்ப."

"ஏன் சொல்லல? நான் உன்னைக் கேட்டேனே!"

"கேட்டியா? முடிவு பண்ணிட்டு வந்து சொன்ன. அப்படிச் சொல்றவங்ககிட்ட வேணாம்னு சொல்ல இந்த வீட்டுல நான் பழகலையே."

பெரியவளுக்கு அந்த ஏணி ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது, அது பொய் என்று தெரிந்தும்.

அம்மா அவளைப் பார்க்காமல் சன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள். "இங்கதான் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். சுத்தியல் சத்தம் நடுவுல கொஞ்ச நேரம் நின்னுச்சு. திருப்பத்துக்கு வந்துட்டாங்க, நீ அந்தச் சுவரைப் பார்த்துட்டேன்னு நினைச்சேன். சரி, நீ நிறுத்தச் சொல்லிட்டேன்னு நினைச்சேன்." புடவையை மடியில் நீவிவிட்டாள். "அப்புறம் மறுபடியும் கேட்டுச்சு."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், காலைக் கட்டிக்கொண்டிருப்பாள். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

"இரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

"வருவேன், வருவேன். வராம எங்க போறேன்" என்றாள் அம்மா. கிளம்பும்போது எல்லாரும் சொல்வதுதான்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அம்மா இறங்கினாள். கூடத்தில் பரிமாறும் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா பார்த்துக்கிட்ட" என்றாள். சத்தம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அம்மா தலையை ஆட்டினாள், அவரும் ஆட்டினார். பெரியவள் வாசல்வரை வந்தாள். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அதுவும் பழக்கம்தான். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

பிறகு மேலே போனாள். விருந்தினர் போன பின் அறையில் அவர்கள் மறந்துவிட்ட பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது விடுதி வழக்கம். எப்போதும் ஏதாவது இருக்கும். ஒரு சீப்பு, ஒரு பொத்தான், பாதி தீர்ந்த தைலப் புட்டி. தலையணைக்கடியில் பார்த்தாள். மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். குனிந்து, மண்டியிட்டு, கட்டிலின் அடியில் கையை நீட்டித் துழாவினாள். சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்கிப் போகும் ஓசை கேட்டது. தரை சுத்தமாக இருந்தது.

வாசலில் வரவேற்பு மேசைப் பெண் வந்து நின்றாள். பெரியவள் தரையில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். "மேடம், கீழ ஒரு குடும்பம் வந்திருக்காங்க. தெருவைப் பார்த்த அறைதான் வேணுமாம். இது காலியா மேடம்?"

பெரியவள் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். தலையணை நடுவில் இன்னும் குழிந்திருந்தது.

"காலிதான்" என்றாள். "விரிப்பை மட்டும் நான் மாத்திடறேன். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லு."